பதினான்காம் எண் சாப்பிடாத செவ்வாய்க்கிழமை

விலங்குக் கூடத்தில் எல்லோரும் அவளைத் தாழ்ப்பாளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கூண்டை மூடினாலும் தாழ்ப்பாளை ஒரு முறைக்கு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். பாதி வழி போனவள் திரும்பி வந்து மூன்றாவது முறையும் இழுத்துப் பார்ப்பதுண்டு. பதினாறு வருடங்களில் அவள் பொறுப்பிலிருந்து ஒரு எலிகூட வெளியே ஓடியதில்லை. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம் இருந்தது அந்தக் கூடம். இரட்டைக் கதவு, கால் நனைக்க மருந்துத் தொட்டி, நீல அங்கி, ரப்பர் பூட்ஸ். உள்ளே இடது பக்கம் எலிகள், வலது பக்கம் முயல்கள், நடு வராந்தாவைத் தாண்டினால் நாய்கள். நாய்ப் பகுதி அவளுடையது. எட்டு நாய்கள். எல்லாம் ஒரே இனம். தொங்கும் காது, பழுப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு, முட்டியளவு உயரம். காதுக்குள் பச்சை மையில் எண் குத்தியிருக்கும். பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. அவள் வாய்விட்டு எதற்கும் பெயர் வைத்ததில்லை. மனதுக்குள் பதினான்காம் எண்ணை மட்டும் 'வாத்தியார்' என்று கூப்பிடுவாள். யார் வந்தாலும் தலையைச் சாய்த்து, பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு பார்க்கும் அது.

அந்த வருடம் வந்தது இதயத்துக்கான மாத்திரை. துடிப்பு தப்பித் தப்பி அடிப்பவர்களுக்கானது. கண்ணாடிக் குடுவையில் வளர்த்த செல்களில் பார்த்தாயிற்று, எலிகளில் பார்த்தாயிற்று. இனி நாய்கள். "எலியோட இதயம் ரொம்ப வேகமா அடிக்கும். அதை வெச்சு மனுஷனுக்குக் கணக்குப் போட முடியாது. நாயோடதுதான் நம்மோடதுக்குக் கொஞ்சமாவது பக்கத்துல வரும்" என்று கூடத்தின் கால்நடை டாக்டர் முதல் நாளே சொன்னார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். வியாழக்கிழமைதோறும் ஒவ்வொரு நாயையும் மேசையில் படுக்க வைத்து, மயக்க மருந்து இல்லாமல், பத்து நிமிடம் இதயத் துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும். நாய் அசையாமல் கிடந்தால்தான் பதிவு சரியாக வரும். பிடித்துக்கொள்கிற ஆள் முக்கியம்.

அந்த ஆள் எப்போதும் தாழ்ப்பாளக்காதான். அவள் வருகிற காலடிச் சத்தம் கேட்டாலே எட்டு வால்களும் கம்பியில் தட்டும். மேசையில் தூக்கி வைத்து, முழங்கையால் அணைத்து, காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே நிற்பாள். அவளைத் தவிர வேறு யாரும் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம் புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்தவள். அதனால் வார்டம்மா. மெதுவாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். நோயாளியைப் புரட்டிப் போடுகிற கை. நாய்க் கூண்டுக்குள் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கூப்பிட மாட்டாள், தட்டிக்கொடுக்க மாட்டாள், சும்மா இருப்பாள்.

"அங்க உட்கார்ந்து என்ன பண்றீங்க?" என்று கேட்டாள் தாழ்ப்பாளக்கா.

"ஒண்ணுமில்லக்கா. அதுங்க நம்மகிட்ட பழகணும்ல."

"உட்கார்ந்தா பழகிடுமா? கையால தீனி போட்டு, கழுவிவிட்டு, அதுங்க பீயை அள்ளினாத்தான் பழகும்."

"அதுவும் பண்றேன்க்கா" என்றாள் வார்டம்மா. அந்தப் பணிவுதான் தாழ்ப்பாளக்காவுக்கு மேலும் எரிச்சலைத் தந்தது. சண்டை போட ஒரு பிடி கிடைக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை டாக்டர், "நாலு நாயை நீங்க பிடிங்க, நாலை அவங்க பிடிக்கட்டும், பார்ப்போம்" என்றார். பார்த்தார்கள். அதற்கடுத்த வாரம் டாக்டர் பதிவுத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்:

"இனிமே மேசையில வார்டம்மாவே பிடிக்கட்டும். நீங்க தீவனம், கழுவுற வேலை, காலைச் சீட்டு எல்லாம் பார்த்துக்குங்க."

"ஏன் டாக்டர்? நான் ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவங்க பிடிச்சா துடிப்பு இருபது குறைவா வருது. பதிவு சுத்தமா இருக்கு."

இருபது! அந்த எண் அவள் நெஞ்சில் போய்க் குத்தியது. பதினாறு வருடம் தான் அணைத்துப் பிடித்த நாய்கள், நேற்று வந்தவளின் கையில் இன்னும் அமைதியாக இருக்கின்றன. அப்படியானால் இத்தனை நாளும் தன் கைக்குள் அவை பயந்துகொண்டா கிடந்தன?

அன்று மாலை சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் ஓட்டுநர். எதையும் சிரிப்பாக்கிவிடுவார்.

"ஓகோ, நாய்க்குச் சக்களத்திச் சண்டையா? என்னை யாராவது தூக்கிட்டுப் போனாக்கூட நீ இவ்வளவு வருத்தப்பட மாட்டே."

"உங்களை யாரு தூக்குவா? எடை என்னன்னு தெரியும்ல?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு வியாழக்கிழமைகள் அவளுக்கு ஆகாத நாட்களாகிவிட்டன. தரையைக் கழுவுகிற சாக்கில் பதிவு அறையின் கண்ணாடிப் பக்கம் போவாள். உள்ளே வார்டம்மாவின் மடியோரம் தலையை வைத்து வாத்தியார் கண்ணை மூடிக் கிடக்கும். இவளுக்கு வயிறு எரியும். குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்துவிடுவாள். சத்தம் கேட்டு நாய் தலையைத் தூக்கும். டாக்டர் கண்ணாடியைத் தட்டி, "கொஞ்சம் அப்புறம் கழுவுங்க" என்பார். ஒரு வாரம் இல்லை, மூன்று வாரம் இப்படி நடந்தது. மூன்றாவது வாரம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் திறந்தாள்.

வார்டம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். துணி மாற்றும் அறையில் அவள் தன் பெட்டியைத் திறந்து, "அக்கா, கொஞ்சம் எடுத்துக்குங்க" என்று நீட்டினால், "பசியில்ல" என்பாள். வார்டம்மா என்ன எண்ணெய் தேய்க்கிறாள், என்ன சோப்புப் போடுகிறாள் என்றுகூட மோந்து பார்த்தாள். ஒருநாள் அவள் கழற்றிப் போட்டிருந்த அங்கியை முகத்தருகே கொண்டுபோனாள். ஆஸ்பத்திரி டெட்டால் வாசனைதான் வந்தது. நாய்க்குப் பிடிக்கும்படி அதில் என்ன இருக்கிறது? யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்து, அங்கியை இருந்த இடத்திலேயே போட்டாள்.

எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தீவனக் கிண்ணங்களை எடுத்து மிச்சத்தை நிறுத்துச் சீட்டில் எழுதுவது அவள் வேலை. ஏழு கிண்ணங்கள் நக்கி வைத்தது போலச் சுத்தமாக இருந்தன. பதினான்காம் எண்ணின் கிண்ணத்தில் பாதித் தீவனம் அப்படியே கிடந்தது. அவளைப் பார்த்து வாத்தியார் எழுந்தது. வாலை ஆட்டியது. இரண்டடி வைத்ததும் முன்னங்கால் மடங்கி, சுவரில் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. ஒரே நொடிதான். வேறு யாராவது பார்த்திருந்தால் வழுக்கியது என்று நினைத்திருப்பார்கள். அந்தத் தரையில் நாய்கள் வழுக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பேனாவை எடுத்தாள். அப்போது வராந்தாவில் டாக்டர் யாரோ விருந்தாளியிடம் வார்டம்மாவைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "எங்களுக்குக் கிடைச்ச பெரிய உதவி இவங்கதான். நாய் என்ன நினைக்குதுன்னு இவங்களுக்கு அப்படியே தெரியும்."

தாழ்ப்பாளக்காவின் பேனா நின்றது. தெரியுமா? தெரிந்தால் தெரிந்துகொள்ளட்டும். நாயோடு சம்மணம் போட்டு உட்கார்கிறவள்தானே, கண்டுபிடிக்கட்டும். ஒரு நாள் தாமதமாகட்டும். 'என்னம்மா, இதைக்கூடக் கவனிக்கலையா' என்று ஒரு வார்த்தை டாக்டர் அவளைக் கேட்கட்டும். அது போதும்.

'மிச்சம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். மீதித் தீவனத்தைக் குப்பைத் தொட்டியில் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவினாள்.

புதன்கிழமை காலையும் பாதி மிச்சம். மறுபடியும் 'இல்லை'. நேற்று ஒன்று எழுதிவிட்டு இன்று மாற்றி எழுதினால், நேற்றையது என்ன ஆயிற்று என்று கேள்வி வருமே! அன்று பத்து மணிக்கு எட்டு நாய்களுக்கும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். திட்டத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். அவளுக்கும் தெரியும். வாத்தியாரின் வாயைத் திறந்து வார்டம்மா மாத்திரையை உள்ளே வைத்தபோது இவள் முதுகைக் காட்டிக்கொண்டு வாளியைத் தேய்த்தாள்.

வியாழக்கிழமை, மேசையில் ஏற்றிய நாலாவது நிமிடத்தில் வாத்தியாருக்கு நினைவு தப்பியது. படுத்திருந்த உடம்பு விறைத்து, பிறகு துணி மாதிரித் துவண்டது. இயந்திரத்தில் கோடு நீளமாக இழுத்துக்கொண்டே போனது. "டாக்டர்!" என்ற வார்டம்மாவின் அலறல் முயல் பகுதி வரை கேட்டது. டாக்டர் ஊசி போட்டு, நெஞ்சை அமுக்கி, பத்து நிமிடத்தில் துடிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். நாய் மூச்சு விட்டது. எழுந்து நிற்க மட்டும் அதால் முடியவில்லை.

டாக்டர் வார்டம்மாவைப் பார்த்துக் கேட்டார், "நேத்து சாயங்காலம் வெளியில விட்டீங்களே, அப்ப எதுவும் தெரியலையா?"

தாழ்ப்பாளக்கா காத்திருந்த கேள்வி அது. கதவோரம் நின்று கேட்டாள்.

"கொஞ்சம் சோர்வாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்றாள் வார்டம்மா. "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. உடனே போய்ச் சீட்டைப் பார்த்தேன். ரெண்டு நாளும் முழுசாச் சாப்பிட்டிருக்குன்னு அக்கா எழுதியிருந்தாங்க. அக்கா பார்த்தா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

தாழ்ப்பாளக்கா கதவோரத்திலிருந்து விலகினாள். வாளியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்தாள்.

மாலையில் வீட்டில் கணவர் சாப்பிட்டு முடித்துத் தன் மாத்திரையைப் பிரித்தார். மூன்று வருடமாக அவருக்கும் துடிப்பு தப்பித் தப்பித்தான் அடிக்கிறது. மாத்திரை சாப்பிடுவதால்தான் பஸ் ஓட்ட விடுகிறார்கள்.

"அதை ஒண்ணுதான் போடணும்னு யாரு சொன்னது?" என்று திடீரென்று கேட்டாள்.

"டாக்டர்."

"டாக்டருக்கு யாரு சொன்னது?"

"எனக்கென்ன தெரியும்? யாராவது சோதிச்சுப் பார்த்து எழுதி வெச்சிருப்பாங்க. நீதானே அங்க வேலை செய்யறே, நீ சொல்லு." அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். சந்தேகமே இல்லாமல் விழுங்கினார். அவள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் தன் அறையில் இருவரையும் உட்கார வைத்து அறிக்கையை வாசித்தார். செவ்வாய் வரை பழைய அளவு; எந்தப் பிரச்சினையும் இல்லை, தீவனம் முழுதும் தின்றிருக்கிறது. புதன் அளவு கூடியது, வியாழன் நினைவு தப்பியது. ஆக, கூட்டிய அளவு ஆகாது, பழைய அளவு ஆபத்தில்லாதது.

"நல்லவேளை, எல்லைக் கோடு தெளிவாக் கிடைச்சிருக்கு" என்றார். "இந்தப் பழைய அளவை வெச்சுத்தான் மனுஷங்களுக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ணப் போறாங்க. இன்னிக்கே அனுப்பணும். ரெண்டு பேரும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

வார்டம்மா கையெழுத்துப் போட்டாள். பேனா தாழ்ப்பாளக்காவிடம் வந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"டாக்டர், செவ்வாய்க்கிழமை அது சாப்பிடல."

"என்னது?"

"பாதி மிச்சம் வெச்சிருந்துச்சு. கால் மடங்குச்சு. நான் பார்த்தேன். புதன்கிழமையும் சாப்பிடல. நான்தான் இல்லைன்னு எழுதினேன்."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "கூட்டறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"பதினாறு வருஷமா ஒரு சீட்டுல ஒரு எழுத்துத் தப்பினது இல்லையே நீங்க. ஏன்?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். கண்ணாடி போடவில்லை, கிண்ணம் மாறிவிட்டது என்று. ஆனால் உண்மைதான் வந்தது, உடைந்து உடைந்து. "என்னை எடுத்துட்டு இவங்களைப் போட்டீங்க. என் கையில அதுங்க பயப்படுது, இவங்க கையில நிம்மதியா இருக்குன்னு ஆயிடுச்சு. இவங்களுக்கு ஒரு கெட்ட பேர் வரட்டும்னு நினைச்சேன். நாய்க்குக் கெடுதல் நினைக்கல. சத்தியமா அதுக்கு நினைக்கல."

டாக்டர் அறிக்கையை மூடி வைத்தார். பிறகு களைத்த குரலில் சொன்னார், "பயமா? யாரு பயம்னு சொன்னது? உங்களைப் பார்த்தா அதுங்களுக்கு சந்தோஷம் தாங்கல. உங்க காலடி கேட்டாலே துடிப்பு ஏறிடுது. பக்கத்துல நீங்க இருக்கற வரைக்கும் இறங்க மாட்டேங்குது. எனக்கு மேசைகிட்ட வேண்டியது, அதுங்க பெரிசாக் கண்டுக்காத ஒரு ஆள். அவ்வளவுதான் விஷயம். அன்னைக்கே சொல்லியிருக்கணும். எண்ணை மட்டும் பார்த்தேன், சொல்லல."

தாழ்ப்பாளக்காவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பியது. பக்கத்தில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. வார்டம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அப்போ நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னுதான் என்னை வெச்சீங்களா டாக்டர்?" என்று கேட்டாள். அவள் குரல் அப்போதும் உயரவில்லை. பிறகு தாழ்ப்பாளக்காவின் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஒரு சண்டை போட்டிருக்கலாமேக்கா. முடியைப் பிடிச்சு இழுத்திருந்தாக்கூட நான் வாங்கிட்டிருப்பேன். வாயில்லாதது அது."

வாத்தியாரின் இதயம் தேறாது என்று மதியம் தெரிந்துவிட்டது. வலியில்லாமல் ஊசி போட்டுவிட்டு, இதயத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த நாளில் எந்த இடத்தில் கோளாறு தொடங்கியது என்பதை அது சொல்லும். சீட்டில் இருந்த பொய்யை இனி நாயின் உடம்பை வைத்துத்தான் திருத்த வேண்டும்.

"நான் பிடிச்சுக்கறேன் டாக்டர். கடைசியா ஒரு தடவை" என்று கேட்டாள் தாழ்ப்பாளக்கா.

டாக்டர் வார்டம்மாவைப் பார்த்தார். வார்டம்மா "இல்ல" என்றாள். "நான்தான் பிடிப்பேன்."

"அதுதான் நல்லது" என்றார் டாக்டர், தாழ்ப்பாளக்காவிடம். "நீங்க உள்ள வந்தா எழுந்திருக்கப் பார்க்கும். அந்த இதயம் தாங்காது. நடக்கற சத்தம்கூடக் கேட்க வேண்டாம். பூட்ஸைக் கழற்றிட்டு அந்தப் பக்கம் போயிடுங்க."

பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு, முயல் பகுதியின் கடைசிக்குப் போய் நின்றாள். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. முயல்கள் தீவனத்தைக் கொறிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இந்நேரம் வார்டம்மாவின் கை அதன் காதுக்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்தாள். அந்த நேரத்திலும், அந்த நேரத்தில்கூட, அவளுக்கு வயிறு எரிந்தது. என்னடா பிறவி இது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு அழுதாள்.

இதயம் அவள் சொன்னதையே சொன்னது. கோளாறு பழைய அளவிலேயே தொடங்கியிருந்தது. மற்ற ஏழு நாய்களைத் திரும்ப ஆராய்ந்ததில், இரண்டுக்கு அதே தொடக்கம் இருந்தது. மாத்திரையை அந்த வடிவில் மனிதர்களுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. மருந்து மறுபடி குடுவைக்கும் எலிக்கும் திரும்பிப் போனது. டாக்டர் நடந்ததை மேலிடத்துக்கு மறைக்காமல் எழுதினார். தான் காரணம் சொல்லாததையும் சேர்த்தே எழுதினார். தாழ்ப்பாளக்காவின் வேலை போகவில்லை. எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது. நாய்ப் பகுதியிலிருந்து முயல் பகுதிக்கு மாற்றினார்கள். சீட்டு எழுதும் பொறுப்பு ஒரு வருடத்துக்குக் கிடையாது. அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் அந்த முறை சிரிக்கவில்லை. தன் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் பின்னாடியும் ஒண்ணு கிடந்திருக்கும், இல்ல?" என்றார்.

"ஒண்ணு இல்ல, நிறைய" என்றாள்.

வார்டம்மா நான்கு மாதம் அவளோடு பேசவில்லை. துணி மாற்றும் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெட்டி இந்தப் பக்கம் நீளவில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு காலை, முயல் பகுதியின் கதவருகே வந்து நின்றாள் வார்டம்மா. அங்கி நனைந்திருந்தது.

"புதுசா ஆறு நாய் வந்திருக்கு" என்றாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு மூலையை விட்டு வரவே மாட்டேங்குது. மூணு நாளாத் தீனியைத் தொடல. நான் உட்கார்ந்து பார்த்துட்டேன். என்னால ஆகல."

தாழ்ப்பாளக்கா முயல் கூண்டை மூடினாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள்.

தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். கிண்ணத்தில் வைக்கக் கூடாது, உள்ளங்கையில் வைக்க வேண்டும். கண்ணைப் பார்க்கக் கூடாது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஏதோ சாப்பிடுவதுபோல வாயை அசைக்க வேண்டும். முதல் வாய் வாங்கியதும் தொட்டுவிடக் கூடாது. மூன்றாவது வாய்க்குப் பிறகு தாடைக்கு அடியில் ஒரு விரல். பதினாறு வருடத்தில் அவள் யாருக்கும் சொல்லாதவை எல்லாம். ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அந்த நாய் முதல் முறை நக்கப்போவது வார்டம்மாவின் உள்ளங்கையை என்பது கண்முன் தெரிந்தது. வயிற்றில் அந்தப் பழைய சூடு ஏறியது. நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அப்புறம்?" என்றாள் வார்டம்மா.

"அப்புறம், தண்ணி ரொம்பச் சூடா இருக்கக் கூடாது. உங்க மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க."

வார்டம்மா தலையாட்டிவிட்டு மழைக்குள் போனாள். தாழ்ப்பாளக்கா அடுத்த கூண்டைத் திறந்தாள்.